ஒற்றைப் புரியின் கோணல்

தை மாதத்தில் தேவனூர் நாட்டில் பனி விலகித் திண்ணை காய ஒன்பது மணி ஆகிவிடும். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் கொல்லிமலையின் மேல்தளம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர். அப்படியொரு காலையில் திண்ணைக் கயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பின்னல் துண்டுகளைக் காயப் போட்டிருந்தேன். இரண்டையும் 10ஆம் நம்பர் ஊசியில், 30 கண்ணி போட்டு, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 40 வரிசை பின்னியிருந்தேன். ஒன்று கடையில் வாங்கிய மில் நூல், பின்னலுக்கென்றே பல புரி சேர்த்து முறுக்கியது. மற்றொன்று ராட்டையில் நூற்ற கதர் நூல், 16ஆம் நம்பர், எட்டு இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னியது. முதல் நாள் இரவு இரண்டையும் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்திருந்தேன்.

காலையில் மில் நூல் துண்டு சதுரமாகத் தொங்கியது. கதர்த் துண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரோ இரு முனையையும் பிடித்துக் குறுக்கே இழுத்துவிட்டதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டு ஆயா முறத்தோடு வந்தவர் அதைத்தான் முதலில் பார்த்தார்.

“ஏஞ்சாமி, இது கோணிக்கிட்டுப் போச்சே?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். பதில் ஒரு நூற்றாண்டு பின்னால் போகிறது என்பதால் நீண்டுவிட்டது.

மலிவு விலை டி-சர்ட் வாங்கிய எல்லோருக்கும் இந்தக் கோணல் தெரியும். நாலைந்து முறை துவைத்ததும் இடுப்போரத் தையல் மெல்ல நகர்ந்து வயிற்றுக்கு வந்துவிடும். தைத்தவர் மேல் குறை இல்லை. பஞ்சை ஒரே பக்கமாக முறுக்கித்தான் நூலாக்குகிறோம். அந்த முறுக்கு எப்போதும் அவிழப் பார்க்கும். தறியில் நெய்யும்போது பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே அழுத்திப் பிடித்திருப்பதால் அதற்கு இடம் கிடைப்பதில்லை. பின்னலில் அப்படி யாரும் பிடித்திருக்கவில்லை. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி தொங்குகிறது, அவ்வளவுதான். அந்தத் தளர்ச்சியால்தான் பனியன் உடம்போடு நீளுகிறது, சுருங்குகிறது. அதே தளர்ச்சியில் நூலின் முறுக்கும் தன் வேலையைக் காட்டும். தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

எனவே பின்னலுக்கான நூலில் முறுக்கு குறைவாக இருக்க வேண்டும். ஆங்கில முறைக் கணக்கில், பாவு நூலுக்கு முறுக்கின் அளவைச் சொல்லும் முறுக்குக் காரணியை நான்கும் அதற்கு மேலும் வைப்பார்கள். பனியன் நூலுக்கு மூன்றரைக்குக் கீழே நிறுத்திக்கொள்வார்கள். கை நூற்பில் இந்தத் தாராளம் கிடையாது. ராட்டையில் உட்கார்ந்தவருக்கு முதல் கவலை நூல் அறாமல் வர வேண்டும் என்பது. பஞ்சின் இழை குட்டையாக இருந்தால் கூடுதலாக முறுக்கினால்தான் அது நூலாக நிற்கும். கோயம்புத்தூர், சேலம் பக்கத்து மானாவாரி நிலங்களில் பழைய நாளில் விளைந்த நாடம் பருத்தி அப்படிக் குட்டை இழை கொண்டது. தெற்கே கரிசலில் விளைந்த கருங்கண்ணி சற்று மேல். நீள இழைக் கம்போடியாப் பருத்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சென்னை மாகாணத்துக்கு வந்து கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனத்தில் காலூன்றியது. அது வந்ததும் பெரும்பகுதி மில்லுக்கே போயிற்று.

தடிமன் இன்னொரு சிக்கல். கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் நூலாம்படை போலவும் அடுத்த சாணில் சணல் போலவும் இருக்கும். தறிக்காரர் கஞ்சி போட்டு அதைப் பாவாக்குவார். துணியாகும்போது அந்த ஏற்றத்தாழ்வே கதருக்கு ஒரு மேனியைத் தரும். பின்னலுக்குக் கஞ்சி ஆகாது. விறைத்த நூல் கண்ணியாக வளையாது. எந்திர ஊசியின் கொக்கியில் தடித்த இடம் மாட்டினால் ஊசி ஒடியும், மெலிந்த இடம் வந்தால் நூல் அறுந்து துணியில் ஓட்டை விழும். மாத்யூ டவுன்செண்ட் 1847இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற தாழ்ப்பாள் ஊசிதான் இன்றைக்கும் வட்டப் பின்னல் எந்திரங்களில் ஓடுகிறது. சீரான நூல் வரும் என்று நம்பி அமைத்த கருவி அது.

இனி 1925ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஓராண்டில் நடந்த மூன்று காரியங்களை ஒன்றாக வைத்துப் பார்க்காமல் இந்த விஷயம் எனக்குப் பிடிபடவில்லை.

பிப்ரவரி 6ஆம் தேதி, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். திறந்துவைத்தவர் ஈ.வெ.ரா. மழை பொய்த்த வறண்ட பூமி அது. ராட்டையைக் கொடுத்து, நூலை வாங்கிக்கொண்டு, கூலி தருவதுதான் ஆசிரமத்தின் முதல் வேலை. அன்று சேலம் மாவட்டம். இன்று புதுப்பாளையமும் கொல்லிமலையும் ஒரே நாமக்கல் மாவட்டத்துக்குள் இருக்கின்றன. செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய சர்க்கா சங்கம் உருவானது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் அமைந்தது. கதர் என்றால் திருப்பூர் என்று பேர் வாங்கிய காலம் அது. அதே ஆண்டில்தான் திருப்பூருக்கு முதல் பின்னல் எந்திரம் வந்ததாக அந்த ஊரின் தொழில் வரலாறு சொல்கிறது. கல்கத்தாவில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்ட பனியன் தொழில் நொய்யல் கரைக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

ஒரே ஊர், ஒரே ஆண்டு. ஒரு பக்கம் கிராமங்களிலிருந்து சிட்டம் சிட்டமாகக் கை நூல் வந்து குவிகிறது. இன்னொரு பக்கம் கையால் சுற்றும் பின்னல் எந்திரம் மில் நூலைக் கேட்கிறது. இரண்டும் கைகோத்திருக்கலாமே என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. கைகோக்கவில்லை. புந்தாம்பேகரும் என். எஸ். வரதாச்சாரியும் எழுதி சர்க்கா சங்கம் 1926இல் வெளியிட்ட பரிசுக் கட்டுரையின் தலைப்பிலேயே கை நூற்பும் கை நெசவும்தான் இருக்கின்றன. கைக்கு வந்த நூல் தறிக்குத்தான் போக வேண்டும் என்பதில் அன்றைக்கு யாருக்கும் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்கு ஒரு நியாயம் உண்டு. கதர் இயக்கம் தொடங்கிய நாட்களில் கை நூல் பாவில் நிற்காமல் அறுந்ததால், மில் நூலைப் பாவாகவும் கை நூலை ஊடையாகவும் வைத்து நெய்தார்கள். அரைக் கதர். அதை அனுமதித்தால் நூற்பவளின் கூலியில் பாதி மில்லுக்குப் போய்விடும், பிறகு முழுவதும் போய்விடும் என்பது காந்தியின் அச்சம். எனவே இரண்டு பக்கமும் கை நூலாக இருந்தால்தான் கதர் என்று கறாராக நின்றார்கள். அந்தக் கறார்த்தனத்தை நான் குறை சொல்லமாட்டேன். குடிசையில் உட்கார்ந்து நூற்ற ஒரு பெண்ணுக்கு நாள் முடிவில் சில காசுகள் போய்ச்சேர வேண்டும் என்றால் எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். கோடு தறியை ஒட்டிப் போடப்பட்டது. பின்னல் ஊசி அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

1930களில் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்ததும் மில்கள் பெருகின. சீரான, மெல்லிய, மெழுகு தடவிய நூல் கோன்களில் பக்கத்திலேயே கிடைத்தது. கதர்க் கிடங்குகள் இருந்த ஊர் பனியன் கம்பெனிகளின் ஊராக மாறத் தொடங்கியது. 1935இல் நூற்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று காந்தி வற்புறுத்த, சர்க்கா சங்கம் கூலியை உயர்த்தியது; கதரின் விலையும் உயர்ந்தது. நூற்றவளுக்கு அது நியாயம். மில் நூலோடு போட்டி போட வேண்டியிருந்த சரக்குக்கு அது சுமை. இரண்டும் உண்மை.

சுதந்திரத்துக்குப் பின் இந்தக் கோடு சட்டத்திலேயே ஏறிவிட்டது. 1956ஆம் ஆண்டின் கதர் கிராமத் தொழில் ஆணையச் சட்டம் கதருக்குத் தரும் இலக்கணத்தில் இரண்டு நிபந்தனைகள் உண்டு: இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு அல்லது கம்பளி நூலாக இருக்க வேண்டும், அதை இந்தியாவில் கைத்தறியில் நெய்திருக்க வேண்டும். அப்படியானால், கையாலேயே நூற்று, கையாலேயே பின்னிய ஒரு ஸ்வெட்டர், எந்திரமே தொடாத ஒன்று, கதர் ஆகாது. இதை முதன்முதலாகப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நூல் கட்டும் விதத்திலும் இதே பிரிவினை இருக்கிறது. மில்கள் உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் ஒரு பங்கைக் கழியாகத்தான் கட்டித் தர வேண்டும் என்ற விதி 1974 முதல் இருந்துவருகிறது. நீண்ட காலம் பாதியாக இருந்த அந்தப் பங்கு 2003இல் 40 சதவீதமாகவும் 2019இல் 30 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. கழி என்றால் கைத்தறி, கோன் என்றால் விசைத்தறியும் பனியன் கம்பெனியும் என்பது அதன் உள்ளர்த்தம். கையால் பின்னுகிறவருக்குக் கழிதான் வசதி. சாயம் தோய்க்கலாம், ஊறவைக்கலாம், வேண்டிய அளவுக்குப் பந்தாகச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்படி ஒரு ஆள் இருப்பதாக விதி நினைத்துப்பார்க்கவில்லை.

மலைக்கு வருவோம். குளிருகிற ஊரில் கம்பளிப் பின்னல் ஏன் வளரவில்லை என்று கேட்டால் ஆடுகளைப் பார்க்க வேண்டும். சேலம், ஈரோடு வட்டாரத்தின் மேச்சேரி ஆடு செம்பழுப்பு நிறம். தோலுக்கும் கறிக்கும் பேர் போனது. அதன் உடம்பில் இருப்பது வெறும் முடி, கம்பளி கிடையாது. திருச்சி, பெரம்பலூர், தருமபுரிப் பக்கங்களில் மேயும் திருச்சி கருப்பு ஆட்டுக்குக் கம்பளி உண்டு. முரட்டு ரகம், தரைவிரிப்புக்கும் இடையர்களின் கறுப்புக் கம்பளிக்கும் ஆகும், கழுத்தில் படும் ஸ்வெட்டருக்கு ஆகாது. மெல்லிய கம்பளி தரும் ஒரே தமிழ்நாட்டு ஆடு நீலகிரி ஆடு. உள்ளூர் ஆட்டோடு வெளிநாட்டு மெரினோ முதலிய இனங்கள் கலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. அது இன்று எண்ணிக்கையில் மிகவும் சுருங்கி, சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தின் தயவில் பிழைத்திருக்கிறது. மலைச்சரிவுகளில் இலவம் வெடித்துப் பஞ்சு பறப்பதைப் பார்த்து அதை நூற்றால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. நூற்க முடியாது. பருத்தி இழை இயல்பிலேயே திருகித் திருகி இருப்பதால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இலவ இழை குழாய் போல வழுவழுப்பானது. தலையணைக்கு உகந்தது அந்த வழுவழுப்புதான்.

ஆக, மலை வீடுகளில் கொடியில் தொங்குவது அக்ரிலிக் ஸ்வெட்டர். விலை குறைவு, வண்ணம் பளிச், ஈரம் குடிக்காது. பனி மூட்டத்தில் பருத்தி நனைந்து குளிரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் விறகடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதுகிற பெண்ணின் மேல் அந்த அக்ரிலிக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். பருத்தியிலும் தீப்பிடிக்கும், ஆனால் சாம்பலாகும். அக்ரிலிக் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கை நூலைக் கையால் பின்னும்போது நடக்கும் ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். மில் நூலில் பின்னும்போது கண் வேறெங்காவது இருக்கலாம். விரல் ஒரே அழுத்தத்தில் போய்க்கொண்டிருக்கும். கை நூலில் அது நடக்காது. தடித்த இடம் ஆள்காட்டி விரலைக் கடக்கும்போது, கண் பார்ப்பதற்கு முன்பே விரல் பிடியைத் தளர்த்தியிருக்கும். மெலிந்த இடத்தில் இன்னும் மென்மையாக இழுக்கும். 30 கண்ணிக்கு 30 தடவை இந்தச் சிறு தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பைப் பற்றி வாழ்நாளெல்லாம் யோசித்த ஒருவர் இந்த மலையில்தான் பிறந்தார் என்பதை நினைத்துக்கொள்வேன். பால் பிராண்ட், 1914இல், கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் தம்பதிக்கு மகனாகப் பிறந்தவர். மருத்துவம் படித்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் காயம் படுவது தெரியாமல்தான் சிதைகின்றன என்று அவரும் சகாக்களும் காட்டினார்கள். உணர்ச்சியற்ற கைக்குத் தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. சாவியைத் திருப்பக்கூடத் தேவைக்கு மேல் அழுத்திப் புண்ணாக்கிக்கொள்ளும். கையின் இயங்கியலைப் பற்றி 1985இல் தனிப் பாடநூலே எழுதினார். ஒரு நூலிழையைப் பிடித்திருக்கிற விரல் எவ்வளவு அறிவோடு பிடித்திருக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது பின்னல் கற்றுத்தரும் புத்தகம் எதுவுமில்லை, அவருடைய வேலைதான்.

கோணிய துண்டுக்கு மருந்து உண்டா? உண்டு, அதுவும் பழைய மருந்து. இரண்டு ஒற்றைப் புரி நூல்களை எடுத்து, நூற்றபோது முறுக்கியதற்கு எதிர்ப்பக்கமாகச் சேர்த்து முறுக்க வேண்டும். நூற்ற முறுக்கு அவிழப் பார்க்கும் பக்கமும் சேர்த்த முறுக்கு அவிழப் பார்க்கும் பக்கமும் எதிரெதிர் என்பதால் ஒன்றையொன்று தின்றுவிடும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு முழம் நூலைக் கையில் தளர்வாகத் தொங்கவிட்டால் போதும்; தானாகச் சுருண்டு பின்னிக்கொள்ளாமல் அமைதியாகத் தொங்க வேண்டும். தடித்த இடமும் மெலிந்த இடமும் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஈடுகட்டிக்கொள்ளும் என்பது கூடுதல் லாபம். பிறகு கழியாகச் சுற்றி, வெந்நீரில் போட்டு, அடியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஏகாம்பரநாதன் என்ற தமிழர் உருவாக்கி, அவர் பெயரிலேயே அம்பர் சர்க்கா என்று வழங்கும் பல கதிர் ராட்டை 1950களில் வந்த பிறகு கை நூலின் சீர்மை எவ்வளவோ கூடிவிட்டது. ராட்டை பின்னலின் பக்கம் பாதி தூரம் வந்து காத்திருக்கிறது என்றே சொல்வேன்.

மில் நூலையும் கை நூலையும் கலக்கலாமா என்பது கதர்க்காரர்களைப் போலவே பின்னுகிறவர்களையும் உறுத்தும் கேள்வி. வரிசைக்கு வரிசை மாற்றிப் பின்னிப் பார்த்தேன்; மில் நூல் வரிசை தட்டையாகவும் கை நூல் வரிசை புடைத்தும் நின்றன, துவைத்ததும் இரண்டும் வெவ்வேறு அளவுக்குச் சுருங்கின. உருப்படவில்லை. ஆனால் கை நூல் மூன்று இழையோடு மெல்லிய மில் நூல் ஒரு இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னியபோது, அறுகிற இடத்தில் மில் நூல் தாங்கியது, மேனி கை நூலுடையதாகவே இருந்தது. அரைக் கதர் அல்ல, முக்கால் கதர். நூற்றவருக்குச் சேர வேண்டிய கூலியில் முக்கால் பங்கு அவருக்கே போகும். தூய்மைக் கோட்டை நான் மதிக்கிறேன். ஆனாலும் மலையில் இருக்கும் ஒரு குழந்தையின் நெஞ்சுக்குச் சூடு கிடைக்கும் என்றால் அந்தக் கோட்டை ஒரு இழை அளவுக்கு நகர்த்தச் சம்மதிப்பேன்.

இதில் எவ்வளவு உழைப்பு போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜக் கழிகள் எத்தனை என்பது. 16ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 13,440 கெஜம். பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கையில்லாத ஸ்வெட்டர் 200 கிராம் பிடித்தால், முழுவதும் கை நூலாகவே வைத்தாலும் ஏறக்குறைய 5,920 கெஜம் ஒற்றைப் புரி நூல் வேண்டும். மணிக்கு 300 கெஜம் நூற்பவருக்கு அது இருபது மணி நேரம். புரி சேர்ப்பதும் பின்னுவதும் தனி. திருப்பூரில் அதே எடைத் துணி எந்திரத்திலிருந்து இறங்குவதற்கு நிமிடக் கணக்குதான். இந்த இடைவெளியை எந்த வாதமும் மூடாது. ஆகவே இது சந்தைக்கான சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக்கும், பக்கத்து வீட்டுக்கும், பிறக்கப்போகிற பேரனுக்கும் ஆனது.

மூன்றாவது துண்டைப் பின்னி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இரண்டிரண்டு இழையாக எதிர்முறுக்குப் போட்டு, அப்படி நான்கு நூலைச் சேர்த்துப் பிடித்தேன். மொத்தம் அதே எட்டு இழை. வெந்நீரில் போட்டு எடுத்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். மறுநாள் ஆயா வந்து, பழைய கோணல் துண்டையும் இதையும் இரண்டு கைகளில் வைத்துக்கொண்டு பார்த்தார். புதியதை இரு பக்கமும் பிடித்து இழுத்தார். விட்டார். திரும்ப இழுத்தார்.

“இது குடுக்குது சாமி. விட்டா வந்துருது.” பிறகு அதைத் தன் காதின் மேல் வைத்துப் பார்த்தார். “தலைக்கு ஒரு குல்லா ஆவுமா?”

“ஆகும் ஆயா.”

“எத்தினி நூலு புடிக்கும்?”

குல்லாவுக்கு 60 கிராம் போதும். 16ஆம் நம்பரில் அது சுமார் 1,776 கெஜம். 1924 டிசம்பரில் காந்தி தலைமை தாங்கிய பெல்காம் காங்கிரஸ், கட்சியில் உறுப்பினராக இருக்க வேண்டுமானால் மாதம் 2,000 கெஜம் சீரான நூல் தர வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தச் சந்தாவில் ஒரு மாதத்தை எடுத்தால் ஆயாவின் குல்லா முடிந்துவிடும். மீதி 224 கெஜம் இருக்கும், காது மறைக்க இரண்டு மடிப்பு கூடுதலாகப் பின்னலாம்.